அறுபத்தைந்து சதவீதம்

நாற்பத்தோராவது மடலை அனுப்பிவிட்டு
மோட்டாரை நிறுத்தப் போனேன்.
பர்கூரில் இரவு பத்தரை.
அங்கே மாலை ஏழு.
பேராசிரியர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்,
இல்லையென்றால்
என் பெயரில் எது பெயர் என்று
தேடிக்கொண்டிருப்பார்கள்.

மா. திம்மக்கா என்பதை
விண்ணப்பப் படிவம் ஏற்கவில்லை.
குடும்பப் பெயர் கட்டாயம் என்று
சிவப்புக் கட்டம் போட்டது.
மாவன்னாவை விரித்து
அப்பாவை அங்கே உட்காரவைத்தேன்.
அன்றிலிருந்து எல்லா மறுப்பும் அவருக்கே வருகிறது.
“அன்புள்ள திரு மாதப்பன்,
தங்கள் ஆர்வத்துக்கு நன்றி,
துரதிர்ஷ்டவசமாக…”
“உனக்குத்தாம்ப்பா. இந்த வாட்டியும் இல்லையாம்.”
பாலிஷ் பட்டறையிலிருந்து வந்தவர்
காதுக்குள் அடைந்த கல்மாவைச்
சுண்டுவிரலால் எடுத்தபடி சொல்வார்:
“நான் எப்ப கேட்டன்?”

செம்மையும் சாம்பலும் சுழித்த கல்
அவர் கைக்கு வந்தால் தண்ணீர்போல் மின்னும்.
மரச்சட்டத்தில் நிறுத்தி, இறுக்கி,
சென்னைத் துறைமுகம், ஹாம்பர்க் என்று
பக்கவாட்டில் அச்சடித்து ஏற்றுவார்கள்.
அங்கே யார் தலைமாட்டிலோ நிற்குமாம்.
பெயர் வெட்ட இடம் விட்டு
மொட்டையாகத்தான் போகிறது.
பரிந்துரைக் கடிதம் இரண்டு,
ஏபிஎஸ் சான்றிதழ்,
ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்,
முடக்கி வைத்த வங்கிக் கணக்கு
ஒன்றும் கேட்கவில்லை அதை.

என் ஆய்வு முன்வரைவும் அதே கல்தான்.
பாறை இடுக்கில் தண்ணீர்
எத்தனை நாள் படுத்துக்கிடந்தால்
எவ்வளவு ஃபுளோரைடு அதில் இறங்கும்.
நூற்றுப் பதினான்கு மாதிரிகள்,
ஸ்கூட்டியின் முன்பலகையில் குலுங்கிக் குலுங்கி
சேலம்வரை போய்வந்தவை.
லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால்
பல்லில் காவி ஏறும்.
கல்லூரிப் படங்களிலெல்லாம்
உதட்டை மூடியே நிற்கிறேன்.

முன்னால் போன ஷபீனா சொன்னாள்:
“எல்லாருக்கும் ஒரே மடல் போடாத.
அவங்க கட்டுரையப் படி.
உனக்கு நெஜமா புரியாத இடத்தக் கேளு.”
படித்தேன். மூன்றாம் வரைபடத்தில்
கோட்டை விட்டு விலகி நின்றது ஒரு புள்ளி.
இது ஏன் தனியாக, என்று கேட்டேன்.
தகுதிகளைக் கடைசி வரியில் வைத்தேன்.
இரண்டே வரியில் பதில்:
எங்களுக்கும் தெரியவில்லை.
புதன்கிழமை பேசலாமா?

புதன். மதியம் ஒன்றரை.
சுவரில் சாய்த்த கைபேசியில்
மூன்று முகங்கள், ஒரு செடி.
ஒத்திகை பார்த்த பதில்கள்
ஒழுங்காய் வந்துகொண்டிருக்க
எதிர்ப் பட்டறையில் வாளைப் போட்டுவிட்டார்கள்.
என்ன சத்தம் அது, என்றார் பேராசிரியர்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்து,
“நான் ஆராயப்போகும் கல்லை
அறுத்து உங்களுக்கு அனுப்புகிறார்கள்” என்றேன்.
மூவரும் சிரித்தார்கள். நானும்.
கையை வாய்க்குக் கொண்டுபோக மறந்து,
ஓரத்துச் சின்னக் கட்டத்தில்
என் பற்களை நானே பார்க்கும்வரை.

யாரும் எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
மாதிரி எண் பதினேழு,
எங்கள் வீட்டு போர்வெல்,
மூன்று புள்ளி இரண்டு.
செடிக்குப் பக்கத்தில் இருந்த பெண்
எதையோ குறித்துக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் முடிவு.
கிடைத்தால் மூன்றாண்டுப் பணி,
அறுபத்தைந்து சதவீதம்.
“மீதி முப்பத்தஞ்சு யாருக்கு?”
அப்பா தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.
“வேல முழுசுதாம்பா. சம்பளந்தான் அவ்ளோ.”
“அதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா?
நம்ம மேஸ்திரிகிட்டயே சேந்துக்க.”
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
அவர் பல்லிலும் அந்தக் கோடு,
என்னுடையதைவிட அகலமாக.

இன்று பதினொன்றாம் நாள்.
மடல் வந்தால் அவர் பெயருக்குத்தான் வரும்.